திருட்டு சிடி கட்டிய கோட்டை

விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. அதிலிருந்து ராமநாதபுரம் கேணிக்கரையில் உள்ள என் கம்ப்யூட்டர் சென்டருக்குப் பழைய லேப்டாப்போடு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். அரசு கொடுத்த லேப்டாப்பை இன்னமும் ஓட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள், மண்டபம் பக்கத்து ஐஸ் கம்பெனிக் கணக்குப்பிள்ளைகள், துபாய்க்குப் போன மகன் விட்டுச்சென்றதைப் பையில் வைத்துக் கொண்டுவரும் கீழக்கரை அம்மாக்கள். விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். பிராசஸரும் புதிதாக இருக்க வேண்டும். இவர்கள் கொண்டுவருவதில் பலவற்றுக்கு இரண்டும் கிடையாது. ஆனால் மிஷினில் ஒரு குறையும் இல்லை. கீபோர்டு தேயவில்லை, திரை மங்கவில்லை.

"புதுசுதான் வாங்கணுமா டீச்சர்?" என்பார்கள். வேண்டாம், லினக்ஸ் மின்ட் போட்டுத் தருகிறேன், இன்னும் சில வருஷம் ஓடும், மென்பொருளுக்குக் காசில்லை, என் கூலியை மட்டும் கொடுங்கள் என்பேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்த கேள்வி வரும்: "அதுக்கு விண்டோஸையே சும்மா போட்டுத் தர முடியாதா? பஸ் ஸ்டாண்ட் பக்கம் போட்டுத் தர்றாங்களே."

சந்தையில் போட்டி வந்தால் பெரிய நிறுவனம் இறங்கிவரும், இலவசமாக ஒன்று கிடைத்தால் ஏகபோகம் உடையும் என்று பொருளாதாரம் படித்தவர்கள் எழுதுகிறார்கள். எங்கள் பக்கம் அப்படி நடக்கவில்லை. ஏன் என்பதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு, கேட்கிற பலருக்கு அது பிடிப்பதில்லை. மைக்ரோசாப்டின் கோட்டையை இந்தக் கடற்கரையில் கல்கல்லாக எடுத்துவைத்துக் கட்டியது திருட்டு சிடிதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் என்றால் மதுரையில் பாகம் பாகமாக வாங்கி, இங்கே பூட்டியதுதான். பூட்டுகிறவரே விண்டோஸ் 98, ஆபீஸ், பேஜ்மேக்கர், போட்டோஷாப் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். உறையில்லாத வெள்ளை சிடி. மேலே மார்க்கர் பேனாவால் எழுதிய எண்தான் சாவி. உரிமம் வாங்கிய விண்டோஸ் ஓடிய கடை இந்த ஊரில் எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை, என் கடையும் சேர்த்துத்தான். யாரும் இதைத் திருட்டு என்று நினைக்கவில்லை. கம்ப்யூட்டர் வாங்கினால் கூடவே வருவது என்றுதான் நினைத்தோம்.

அதே காலத்தில் லினக்ஸும் எங்களை வந்தடைந்தது என்பதுதான் வேடிக்கை. பிசி குவெஸ்ட் இதழோடு லினக்ஸ் சிடி வரும். 2005-க்குப் பிறகு உபுண்டு லினக்ஸை வெளியிடும் நிறுவனம் இணையத்தில் முகவரி கொடுத்தால் போதும் என்றது. உலகத்தின் எந்த மூலைக்கும் தபால் செலவைத் தானே ஏற்று சிடி அனுப்பிவைத்தது. 2011 வரைக்கும் அந்த ஏற்பாடு இருந்தது. அழகான அட்டை உறையில் எங்கள் தெருவுக்கும் வந்திருக்கிறது. பிள்ளைகள் அந்த உறையை ஆசையாக வாங்கிப் பார்ப்பார்கள். பிறகு வெள்ளை சிடியில் இருக்கும் விண்டோஸைப் போட்டுக்கொள்வார்கள்.

அவர்கள் செய்தது முட்டாள்தனம் இல்லை. அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவனுக்கு விண்டோஸ் காசு, லினக்ஸ் சும்மா. எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டுமே சும்மா. விலை என்ற ஒரே ஆயுதத்தைக் கையிலேந்தி வந்த சிறியவனிடமிருந்து அந்த ஆயுதத்தையும் பிடுங்கிக்கொண்டோம். இரண்டுக்கும் ஒரே விலை என்றால், பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரிந்ததைத்தானே எவரும் எடுப்பார்கள்?

இது பில் கேட்ஸுக்கு நன்றாகத் தெரியும். 1998-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் பேசியபோது சீனாவைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: எப்படியும் திருடத்தான் போகிறார்கள், திருடுவது நம்முடையதாக இருக்கட்டும், அதற்கு அடிமையானபின் காசு வாங்குவது எப்படி என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஃபார்ச்சூன் இதழில் அச்சான பேச்சு அது. வியாபாரியாகப் பார்த்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலீடே இல்லாமல் ஒரு தேசத்தின் விரல்களைப் பழக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அப்படியானால் இலவச மென்பொருளால் இங்கே ஒன்றுமே நடக்கவில்லையா என்றால், நடந்தது. யாரும் பயன்படுத்தாமலேயே நடந்தது. அதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

2003-ல் தாய்லாந்து அரசு ஏழைக் குடும்பங்களுக்கு மலிவுக் கம்ப்யூட்டர் திட்டம் கொண்டுவந்தது. அதில் லினக்ஸ் போட்டார்கள். உடனே மைக்ரோசாப்ட் அந்தத் திட்டத்துக்கு மட்டும் விண்டோஸையும் ஆபீஸையும் சேர்த்துச் சுமார் 38 டாலருக்குக் கொடுக்க முன்வந்தது. கடையில் பல நூறு டாலருக்கு விற்ற சரக்கு. அடுத்த ஆண்டு வளரும் நாடுகளுக்கென்றே 'ஸ்டார்டர்' என்று ஒரு விண்டோஸ் வந்தது. ஒரே சமயத்தில் மூன்று நிரலுக்கு மேல் திறக்காது. ஏழைக்கு மூன்று போதும் என்று முடிவு செய்தவர் யாரோ! 2005-ல் அது இந்தியில் இந்தியாவுக்கும் வந்தது. 2007-ல் அசூஸ் நிறுவனம் லினக்ஸ் போட்ட குட்டி லேப்டாப்பை இறக்கி, அது சூடாக விற்றதும், ஓய்வு கொடுக்கவிருந்த விண்டோஸ் எக்ஸ்பியைக் குட்டி லேப்டாப்புகளுக்கு மட்டும் 2010 வரை மலிவாக நீட்டித்தார்கள். கொஞ்ச காலத்தில் குட்டி லேப்டாப்பிலும் லினக்ஸ் காணாமல் போனது.

இவை தற்செயல் இல்லை. 2002-ல் மைக்ரோசாப்டின் விற்பனைத் தலைவர் ஒர்லாண்டோ அயாலா தன் ஆட்களுக்கு ஒரு மின்மடல் அனுப்பினார். அரசு, பள்ளி ஒப்பந்தங்களில் எந்தக் காரணம் கொண்டும் லினக்ஸிடம் தோற்காதீர்கள், வேண்டுமானால் பெருந்தள்ளுபடி கொடுங்கள், தேவைப்பட்டால் சும்மாவே கொடுங்கள் என்பது அதன் சாரம். 2003 மே மாதம் அது பத்திரிகையில் வெளிவந்தது. உலாவியிலும் இதே கதைதான். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 வந்தது 2001-ல். எதிரி இல்லாததால் அடுத்த பதிப்பு வர ஐந்து வருஷம் ஆனது. நடுவில் 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் வந்திராவிட்டால் அதுவும் வந்திருக்குமா என்பது சந்தேகம். ஒன்றுக்கு மேல் டேப் திறக்கலாம் என்பதே என் பிரவுசிங் சென்டருக்கு வந்த பிள்ளைகளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆகவே பெரிய நிறுவனத்தை அசைக்க எல்லோரும் மாற வேண்டியதில்லை. மாறக்கூடும் என்ற பயம் போதும். ஆனால் அந்தப் பயம் உண்மையாக இருக்க வேண்டும். அரசாங்கத்தின் கையெழுத்துக்கு அவர்கள் பயந்தார்கள். கேணிக்கரைக்கு ஏன் பயப்பட வேண்டும்? வெள்ளை சிடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததே.

தமிழ் எழுத்துருவைப் பற்றிச் சொன்னால் இது இன்னும் விளங்கும். இந்தத் தொழிலில் நான் கண்ணால் பார்த்த ஒரே முழு வெற்றி அதுதான்.

ராமநாதபுரத்தில் திங்கள்கிழமை என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். தட்டச்சு செய்யும் எங்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் அறுவடை. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தேவிபட்டினத்துக் குடிநீர், எல்லாம் மனுவாக வரும். பாம்பன், தங்கச்சிமடத்திலிருந்து வருகிற மனு வேறு மாதிரி. எல்லை தாண்டினார்கள் என்று இலங்கைக் கடற்படை பிடித்துப்போன கணவனையோ மகனையோ மீட்டுத் தரச் சொல்லி வருவார்கள். ஆட்சியருக்கு ஒன்று, மீன்வளத் துறைக்கு ஒன்று, முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு ஒன்று. ஒரே மனு, முகவரி மட்டும் மாறும். மறுபடி படகைப் பிடித்தால் பழைய மனுவைத் திறந்து தேதியை மாற்றினால் போதும்.

திறந்தால்தானே? அந்நாளில் தமிழ் எழுத்துரு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி. உள்ளே 'க' இருக்கும் இடத்தில் ஒருவர் 'ஞா' வைத்திருப்பார். ராமேஸ்வரத்துக் கடையில் அடித்த மனுவை ஃபிளாப்பியில் கொண்டுவந்து என் கடையில் திறந்தால் அரபியும் இல்லாத ஆங்கிலமும் இல்லாத ஒரு கிறுக்கல் வரும். அந்தப் பெண் வாசலில் நிற்பாள், பதினொரு மணிக்குள் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்க வேண்டும், நான் முதல் வரியிலிருந்து அடிப்பேன். நல்ல எழுத்துருத் தொகுப்பு வேண்டுமென்றால் விலை ஆயிரக்கணக்கில். அதுவும் பிரிண்டர் செருகும் துளையில் ஒரு பூட்டைச் செருகினால்தான் வேலை செய்யும். அந்தச் சின்னப் பூட்டு உப்புக்காற்றில் ஒருமுறை செத்துப்போனது. விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன். புதுத் தொகுப்பு வாங்கச் சொல்லிப் பதில் வந்தது. நான் அடித்து வைத்திருந்த அத்தனை கோப்பும் என் கம்ப்யூட்டரிலேயே எனக்கு வாசிக்க முடியாதவையாகக் கிடந்தன.

மைக்ரோசாப்டைப் பெரிய ஏகபோகம் என்கிறோம். எனக்கு அதைவிடக் கொடுமையாக இருந்தவை இந்தக் குட்டி ஏகபோகங்கள்தான். தமிழ்ச் சந்தை சின்னது, அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் தனித்தனி வேலி போட்டு, ஒருவர் வேலிக்குள் போனவர் வெளியே வர முடியாதபடி வைத்திருந்தார்கள்.

அந்த வேலிகளை எடுத்தது யாரென்று பார்த்தால் சம்பளம் வாங்காமல் வேலை செய்தவர்களின் பட்டியல்தான் நீளும். தமிழா குழு கொடுத்த இ-கலப்பை. விஸ்வநாதன் தனியாளாகச் செய்த அழகி. நியூ ஹொரைசன் மீடியா கொடுத்த என்எச்எம் ரைட்டர். மூன்றும் கைக்காசு கேட்கவில்லை. 2005 ஏப்ரலில் மத்திய அரசின் சி-டாக் தயாரித்த இலவசத் தமிழ் மென்பொருள் குறுந்தகட்டை அப்போதைய அமைச்சர் தயாநிதி மாறனின் துறை சென்னையில் வெளியிட்டது. எழுத்துருக்கள், விசைப்பலகை, தமிழில் ஓப்பன் ஆபீஸ், எல்லாம் ஒரே தகட்டில். 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, அரசு அலுவலகங்களில் உலகப் பொதுக் குறியாக்கமான யூனிகோடுதான், அது ஒத்துவராத இடத்தில் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியாக்கம் என்று தமிழக அரசு ஆணையிட்டது. அதற்குப் பிறகு பூட்டு விற்றவர்களின் கடை காற்று வாங்கியது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விண்டோஸுக்குள் யூனிகோடு தமிழ் முதலில் வந்தது விண்டோஸ் 2000-ல். லதா என்ற எழுத்துருவோடு மைக்ரோசாப்டே கொடுத்தது. அசிங்கமான எழுத்துதான், ஆனாலும் கூடுதல் காசில்லாமல் கூடவே வந்தது. பெரியவனும் இலவசக்காரனும் சேர்ந்து நடுவிலிருந்தவர்களின் வேலியைப் பிடுங்கினார்கள் என்பதே சரி. இன்றைக்குத் தங்கச்சிமடத்துப் பெண் தன் போனிலேயே மனுவை அடித்து வாட்ஸாப்பில் எனக்கு அனுப்புகிறாள். எனக்கு அச்சுக் கூலி மட்டும். வருமானம் குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தத் திங்கள்கிழமைகளுக்குத் திரும்பிப் போகச் சொன்னால் போகமாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். தமிழக பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் பல வருஷம் ஸ்டார் ஆபீஸ்தான் பாடம். சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஸ்டார் ஆபீஸ். ஓப்பன் ஆபீஸுக்கும் இன்றைய லிப்ரே ஆபீஸுக்கும் மூதாதை. மைக்ரோசாப்டைப் பாடப்புத்தகத்திலிருந்தே வெளியேற்றிய மாநிலம் என்று வெளியூரில் பெருமையாகச் சொல்லலாம். உள்ளூரில் நடந்தது என்ன? பிள்ளைகள் ஸ்டார் ரைட்டரில் மெனு எங்கே இருக்கிறது, எந்த விசையை அழுத்த வேண்டும் என்று புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்து, தாளில் எழுதி மார்க் வாங்கினார்கள். சாயங்காலம் என் சென்டருக்கு வந்து எம்எஸ் வேர்டு கற்றுக்கொண்டார்கள். "பாடத்துல இருக்கறது வேற, வேலைக்கு வேணுங்கறது வேற இல்லையா டீச்சர்" என்று ஒரு பத்தாவது படிக்கும் பெண் எனக்கே பாடம் எடுத்தாள்.

2006-லிருந்து தமிழக அரசின் எல்காட் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐஏஎஸ் லினக்ஸுக்கு வெளிப்படையாகக் கொடி பிடித்தவர். தன் அலுவலகத்தை சூஸி லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார், அரசு வாங்கும் கம்ப்யூட்டர்களிலும் அதை ஏற்றினார். அவர் மாற்றலாகிப் போனதும் அந்த வேகமும் போனது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினார். விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. திறந்தால் எது வேண்டும் என்று கேட்கும். அந்தக் கேள்வியே பிள்ளைகளுக்குத் தொந்தரவு. "அந்த இன்னொண்ணை எடுத்துவிடுங்க டீச்சர், இடத்தை அடைக்குது" என்று என் கடை வாசலில் வரிசை நின்றது. பாஸை அழிப்பதற்கு இந்த ஊரில் ஒரு கூலியே நிர்ணயமாகியிருந்தது.

தப்பு பாஸ் லினக்ஸிடம் இல்லை. பக்கத்துக் கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் திட்டம் வேறு மாதிரி போனது. அங்கே முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடத்தை அதிலேயே எழுதினார்கள், பத்தாம் வகுப்பு கம்ப்யூட்டர் செய்முறைத் தேர்வையும் லினக்ஸில்தான் எழுத வேண்டும் என்றார்கள். இன்றைக்கும் கைட் என்ற அரசு நிறுவனம் அதைப் பராமரிக்கிறது. அங்கே மாற்று என்பது பிள்ளையின் விரலில் இருக்கிறது. இங்கே ஹார்டு டிஸ்கில் ஒரு பகுதியாக இருந்தது, அழித்தால் போய்விட்டது.

எங்கள் மாவட்டத்துச் சுவர்களில் அப்துல் கலாமின் கனவு வாசகங்கள் இல்லாத பள்ளிக்கூடம் கிடையாது. அவர் படித்த சுவார்ட்ஸ் பள்ளி என் கடையிலிருந்து தூரமில்லை. ஆனால் அவர் குடியரசுத் தலைவராக இருந்தபோது மென்பொருளைப் பற்றிச் சொன்னதை எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. 2002 நவம்பரில் பில் கேட்ஸ் இந்தியா வந்தார், 40 கோடி டாலர் முதலீடு அறிவித்தார், ராஷ்டிரபதி பவனில் கலாமைச் சந்தித்தார். 2003 மே 28 அன்று புனேயில் ஒரு தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தை அர்ப்பணித்தபோது கலாம் அந்தச் சந்திப்பை நினைவுகூர்ந்தார். மென்பொருள் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது திறந்த மூலநிரல் வேண்டும் என்றாராம். பேச்சு கடினமாகிவிட்டது, இருவர் கருத்தும் ஒத்துப்போகவில்லை என்றார். இந்தியா இன்னமும் அடுத்தவர் பூட்டிவைத்த மென்பொருளையே நம்பிக்கொண்டிருக்கிறது என்று வருத்தப்பட்டார். நூறு கோடிப் பேருக்குத் திறந்த மென்பொருள்தான் ஒத்துவரும் என்பது அவர் முடிவு. ஏவுகணைக்காரருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாத பொருளின்மேல் சந்தேகம் வருவது இயல்புதானே. ராமேஸ்வரம் தீவுக்காரர் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

தீவுக்கு ஒரே வழி இருந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். 1914-லிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயில் பாலம் ஒன்றுதான். 1964 டிசம்பர் புயலில் அது சிதைந்தபோது, இப்போது மெட்ரோ மனிதர் என்று புகழப்படும் ஸ்ரீதரன் 46 நாளில் சரிசெய்யும்வரை தீவு துண்டாகிக் கிடந்தது. 1988 அக்டோபரில் சாலைப் பாலம் திறந்தார்கள். அதற்குப் பிறகும் ரயிலில் போனவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தை மூடி, 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலம் திறக்கும்வரை, இரண்டு வருஷத்துக்கு மேல் தீவுக்கு ரயில் இல்லை. அக்னி தீர்த்தத்தில் கூட்டம் குறைந்ததா? மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்தார்கள். இரண்டாவது வழி அன்றாடம் எல்லோருக்கும் தேவைப்பட வேண்டியதில்லை. ஆனால் அது நடந்து போகிற வழியாக இருக்க வேண்டும், அதில் பஸ் ஓட வேண்டும். பாஸ் லினக்ஸ் என்கிற பாலத்தில் நாம் பஸ்ஸே விடவில்லை.

சுதேசி நிறுவனத்துக்கு மாறினால் போதும் என்று இப்போது ஒரு குரல் பலமாகக் கேட்கிறது. ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ நம்ம ஊர் நிறுவனம், தென்காசி மத்தளம்பாறையில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கிறது, எனக்கும் பெருமைதான். 2025-ல் மத்திய அரசின் மின்னஞ்சல்கள் அதற்கு மாறியதும், அதன் 'அரட்டை' செயலியை ஒரே வாரத்தில் ஊரே இறக்கிக்கொண்டதும் தெரிந்ததே. பாம்பனில் என் வாடிக்கையாளர் ஒருவரும் இறக்கினார். அவருடைய ஏலக்கடைக் குழு வாட்ஸாப்பில் இருக்கிறது, ஐஸ் காரர் வாட்ஸாப்பில் இருக்கிறார், அரட்டையில் அவர் மட்டும் இருந்தார். கொஞ்ச நாளில் போனில் அது எங்கே என்றே தெரியவில்லை. போட்டிப் பொருள் நன்றாக இருப்பது மட்டும் போதாது. பழைய இடத்திலிருப்பவரோடு புது இடத்திலிருந்தே பேச முடிய வேண்டும். யுபிஐயில் அந்த ஒன்றைச் சரியாகச் செய்தார்கள். மீன்காரம்மாவின் க்யூஆர் அட்டையை எந்தச் செயலியும் படிக்கும். போன்பே, கூகுள்பே இரண்டும் சேர்ந்து சந்தையில் பெரும்பகுதியை வைத்திருக்கின்றன, யாருக்கும் 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பு 2026 கடைசி வரை தள்ளிப்போயிருக்கிறது என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் நாளைக்கே ஒரு செயலி காசு கேட்டால் மீன்காரம்மாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வேறொன்றை இறக்கிக்கொள்வாள், அட்டை அதே அட்டை.

கூகுள் கதையையும் மறக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு லினக்ஸின்மேல் கட்டியது, மூலநிரல் திறந்தது. அதை வைத்தே புது ஏகபோகம் வந்தது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் 1,337 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. சும்மா கிடைப்பதெல்லாம் நம்மை விடுவிக்கும் என்றும் நான் நம்பவில்லை. வெள்ளை சிடியும் சும்மாதான் கிடைத்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், லினக்ஸ் பக்தர்கள் கோபித்துக்கொள்ளலாம். பிளெக்ஸ் அடிக்கிறவர்களுக்கு இன்றைக்கும் கோரல்டிராவுக்கு ஈடாக ஒன்றை என்னால் காட்ட முடியவில்லை. இங்க்ஸ்கேப் நல்ல பொருள், ஆனால் அச்சகம் கேட்கிற வண்ணப் பிரிப்பில் தடுமாறுகிறது. ஸ்கிரைபஸில் தமிழ் ஒழுங்காக வரவே பல வருஷம் பிடித்தது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, 2017-ல் திரும்பவும் விண்டோஸுக்கே போக முடிவெடுத்தது. மாறுவது கஷ்டம்தான். பாதி மாறிவிட்டுப் பராமரிக்க ஆளில்லாமல் விடுவது அதைவிடக் கஷ்டம்.

2025-26 தமிழக நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லட் தருவதாக அறிவித்து, 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இருபது லட்சம் என்பது உலகத்தில் எந்த மென்பொருள் நிறுவனமும் எழுந்து நின்று பேசவேண்டிய எண். தாய்லாந்து இதைவிடச் சின்ன எண்ணை வைத்துக்கொண்டு விலையை இறக்கியது. நாம் என்ன கேட்கிறோம்?

நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. விண்டோஸ் இருக்கட்டும், எக்செல் தெரியாமல் மதுரையில் கணக்கு வேலை கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கல்லூரி முதலாண்டு கம்ப்யூட்டர் செய்முறைத் தேர்வில் ஒரு தாளையாவது லிப்ரே ஆபீஸில் வைத்தால், அந்தப் பிள்ளைகள் அதை அழிக்கச் சொல்லி என் கடைக்கு வரமாட்டார்கள். திறந்த தர வடிவங்களுக்கான கொள்கையை மத்திய அரசு 2010-லேயே வெளியிட்டது, திறந்த மூல மென்பொருள் கொள்கையை 2015-ல் வெளியிட்டது. அதற்குப் பிறகும் அரசுத் தளங்களிலிருந்து நான் இறக்கும் விண்ணப்பங்களில் பல வேர்டு கோப்பாகத்தான் வருகின்றன. சிலவற்றில் பழைய எழுத்துரு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, திறந்தால் அதே பழைய கிறுக்கல். எந்த மென்பொருளிலும் திறக்கும் வடிவத்தில், யூனிகோடில் போடுங்கள். அதற்கு டெண்டரும் வேண்டாம், ஒதுக்கீடும் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும்.

டெண்டரில் ஒரு வரி சேர்க்கலாம் என்றால் இதைச் சேருங்கள்: மூன்றாம் ஆண்டு முடிந்ததும் எந்த உரிமத்துக்கு யார் காசு கட்டுவார்கள் என்பதை விற்கிறவர் இப்போதே எழுதித்தர வேண்டும். படிப்பு முடியும்வரை சும்மா கொடுத்துவிட்டு, வேலைக்குப் போகும்போது மாதச் சந்தா கேட்பதுதான் இந்தக் காலத்து வழக்கம். முன்பு வெள்ளை சிடி செய்த வேலையை இப்போது அதுதான் செய்கிறது, சட்டப்படி.